ஒரு பிடி குறைவு

ட்ரோம்சோ, நார்வே
18.11.2024

அன்புள்ள ஜெயஸ்ரீக்கு,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். உன் அப்பா போனை எடுக்கிறார், என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார். தபாலை பிளாக் செய்ய வழியில்லை என்பதால் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் கையால் எழுதுவது இதுதான் முதல் தடவை. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சிரித்தாலும் சரி, பதில் போடு.

அக்கா போனில் சொன்னது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதை அப்படியே எழுதுகிறேன். தப்பு இருந்தால் சொல்.

ஆயுதபூஜைக்கு முன்னால் வழக்கம்போல அக்காவின் பீங்கான் கம்பெனி ஸ்டோரை இறக்கிக் கழுவி, இருக்கிற சரக்கையெல்லாம் நிறுத்தார்கள். பீங்கானுக்கு மேல்பூச்சு வெள்ளையாக வருவதற்குச் சேர்க்கிற சிர்க்கான் பவுடர் டிரம் டிரம்மாக இருந்தது. டிரம்முக்கு இருபத்தைந்து கிலோ என்று ஆடி மாதம் பழைய தராசில் நிறுத்து மூடி வைத்தவள் நீ. நம் நிச்சயத்துக்கு ஆவணியில் வந்தபோது நான் கொண்டுவந்து கொடுத்த எலக்ட்ரானிக் தராசில் அதையே வைத்தால், ஒவ்வொரு டிரம்மிலும் நூற்றுப்பத்து கிராம் குறைந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஸ்டோர் சாவி உன்னிடம் மட்டும்தான் இருந்தது.

அக்கா கோபத்தில் ஏதாவது பேசியிருப்பாள். அன்புக்கரசி என்று பெயர் வைத்தவர்கள் அவள் வாயைக் கேட்காமலே வைத்துவிட்டார்கள். ஆனால் அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டவள் அவள்தான். கம்பெனியை ஒற்றை ஆளாகக் கட்டிக் காப்பவளும் அவள்தான். அவள் பொய் சொல்ல மாட்டாள். தராசும் பொய் சொல்லாது. நான் வேலை பார்க்கிற மீன் ஆலையில் வருஷக்கணக்காக ஓடின தராசு அது. ஆலையில் புதுசு வாங்கியபோது என்னிடம் கொடுத்தார்கள். தயாரித்தவர்கள் போட்ட முத்திரையை உடைக்காமல், போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டுவந்தேன்.

நீ எடுத்தாய் என்று நான் சொல்லவில்லை. அக்கம்பக்கத்துச் சின்னப் பொம்மைச் சூளைக்காரர்கள் யாராவது வந்து கெஞ்சினால் இல்லை என்று சொல்ல உனக்கு வராது. அப்படி இரக்கப்பட்டு ஒரு பிடி கொடுத்திருந்தால் சொல்லிவிடு. “தெரியாம நடந்துடுச்சு அண்ணி” என்று அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் மறந்துவிடுவாள். தை மாதம் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இது எதற்கு நமக்கு?

இங்கே இனி ஜனவரி வரைக்கும் சூரியன் தலைகாட்டாது. பதில் போடு.

வளவன்

·

கம்மாபுரம்
6.12.2024

வளவன் அவர்களுக்கு,

கடிதத்தை அப்பா பிரிக்காமல் என்னிடம் கொடுத்தார். போனில் பேசினால் நான் அழுவேன், இல்லை கத்துவேன். எழுதினால் கொஞ்சம் நிதானம் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் அக்கா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. விட்டுப்போனதுதான் நிறைய.

உங்கள் தராசுக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, கதம்பம் சுற்றியிருந்தார்கள். வருஷா வருஷம் கவர்மெண்ட் முத்திரை வாங்கி வருகிற பழைய தட்டுத் தராசுக்கு ஒரு பொட்டுகூட இல்லை, மூலையில் கிடந்தது. முதல் டிரம்மில் எடை குறைந்தபோது மறுபடி வைத்துப் பாருங்கள் என்று சொன்னவளே நான்தான். அடுத்ததும் குறைந்தது, அதற்கடுத்ததும். உங்கள் அக்கா வாயே திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

எல்லா டிரம்மும் முடிந்த பிறகு, “ஜெயஸ்ரீ, கைய வுட்டு ஒரு புடி அள்ளு” என்றார். எதற்கென்று புரியாமல் அள்ளினேன். தராசின்மேல் ஒரு பேப்பரை விரித்து அதில் போடச் சொன்னார். போட்டேன். நூற்றுப்பத்து காட்டியது.

“எல்லாரும் பாத்துக்குங்க. அளவெடுத்த மாதிரி இருக்குது” என்றார்.

சூளை ஆட்கள் பார்த்தார்கள். பெயிண்டிங் பெண்கள் பார்த்தார்கள். பொரி கடலைப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த, என்னோடு வேலை பார்த்த ஆண்டாள் மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். என் கையெல்லாம் வெள்ளை. குழாயடிக்குப் போய்க் கழுவலாம் என்றால், ஓடப் பார்க்கிறாள் என்பார்களோ என்று அப்படியே நின்றேன். பூஜை முடிந்து தீபாராதனை காட்டும்வரை நின்றேன். தட்டு என் பக்கம் வரவில்லை.

எந்தத் திருடியாவது இத்தனை நியாயமாகத் திருடுவாளா? ஒரு டிரம்மில் கூட எடுப்பாள், ஒன்றில் எடுக்க மறப்பாள். எல்லாவற்றிலும் ஒரே அளவு குறைந்தால் சந்தேகம் எதன்மேல் வர வேண்டும்? உங்கள் எல்லாருக்கும் அது என் கையின்மேல் வந்தது.

நம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேறு எந்தக் கம்பெனியிலும் எனக்கு வேலை இல்லை. கேட்டால் “சொல்லி அனுப்புறோம்மா” என்கிறார்கள். இப்போது மங்கலம்பேட்டையில் ஒரு துணிக்கடையில் சேலை மடிக்கிறேன். சாயங்காலம் கிளம்பும்போது வேலைக்காரப் பெண்கள் எல்லாரும் பையைத் திறந்து காட்ட வேண்டும், அது கடை வழக்கம். மற்ற பெண்கள் கதை பேசிக்கொண்டே காட்டுகிறார்கள். நான் மட்டும் பையைக் கவிழ்த்துக் கொட்டிக் காட்டுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்டாள் வீட்டுக்கு வந்திருந்தாள். தீபாவளிக்குப் பிறகு கம்பெனிக்குப் புது லோடு சிர்க்கான் வந்ததாம். வாய் தைத்த இருபத்தைந்து கிலோ மூட்டைகள், யாரும் பிரிக்கவில்லை. உங்கள் தராசில் வைத்தால் அதிலும் மூட்டைக்கு நூற்றுப்பத்து கிராம் குறைவாம். உங்கள் அக்கா சப்ளையரைப் போனில் பிடித்துத் திட்டினாராம். நான் அன்றைக்கு மங்கலம்பேட்டையில் இருந்தேன். தையல் வழியாக என் கை போய் வந்ததா?

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லச் சொல்கிறீர்கள். நடக்காத ஒன்றை நான் எப்படித் தெரியாமல் செய்ய முடியும்?

ஜெயஸ்ரீ

·

ட்ரோம்சோ
28.12.2024

ஜெயஸ்ரீ,

உன் கடிதம் கிடைத்தது. முன்பெல்லாம் மெசேஜில் “என்னங்க” என்று ஆரம்பிப்பாய். இப்போது வளவன் அவர்கள் ஆகிவிட்டேன்.

உன் கைப்பிடியை நிறுத்துப் பார்த்ததை அக்கா என்னிடம் சொல்லவில்லை. அது தப்புதான். ஆனால் மூட்டை குறைந்ததற்கு என்னால் காரணம் சொல்ல முடியும். சப்ளையரும் அடிக்கிறான் என்று அர்த்தம். உள்ளூர்த் தராசுகளை நம்ப முடியாது என்றுதானே நான் இதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்? இது தயாரித்தவர்களே சான்றிதழ் கொடுத்த தராசு. இதைச் சந்தேகப்பட்டால் பிறகு எதைத்தான் நம்புவது? நீயும் கொஞ்சம் யோசித்துப்

4.1.2025

மேலே உள்ளது பாதியில் நிற்கிறது. கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். வேண்டாம், நான் எப்படி இருந்தேன் என்று நீயும் படி.

நேற்று ஆலைக்கு ஸ்பெயினிலிருந்து ஒரு பழைய தராசு வந்தது. எங்கள் மெக்கானிக் ஹோகன் அதைத் திறந்து, எடைக்கற்களை வைத்து மறுபடி செட் பண்ணிக்கொண்டிருந்தார். நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு என்று கேட்டேன். ஊர் மாறினால் செட்டிங்கும் மாற வேண்டும், இங்கே பூமி கொஞ்சம் அதிகமாக இழுக்கும் என்றார். நான் கிண்டல் என்று நினைத்தேன்.

கிண்டல் இல்லை ஜெயஸ்ரீ. பூமி சரியான உருண்டை கிடையாது. வடக்கிலும் தெற்கிலும் சற்று அமுங்கி, நடுவில் பிதுங்கி இருக்கிறது. நாங்கள் இருப்பது உச்சிக்குப் பக்கம், அதனால் பூமியின் நடுப்புள்ளிக்குக் கொஞ்சம் கிட்டே இருக்கிறோம், இழுப்பு அதிகம். நம் ஊர் நடு இடுப்புக்குப் பக்கம். அங்கே தூரமும் கூட, பூமி சுற்றுகிற வேகத்தில் பொருளைக் கொஞ்சம் வெளியே தள்ளவும் செய்கிறது, அதனால் இழுப்பு குறைவு. பொருள் அதேதான், ஒரு துகளும் குறைவதில்லை. அது கீழே அழுத்துகிற அழுத்தம்தான் குறைகிறது. எலக்ட்ரானிக் தராசு அந்த அழுத்தத்தை வைத்துத்தான் எடை சொல்கிறது. இங்கே என்னை எழுபது கிலோ காட்டுகிற மெஷினை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்தால் முந்நூறு கிராம் குறைத்துக் காட்டும்.

பழைய தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு தட்டில் கல், ஒரு தட்டில் சரக்கு. இழுப்பு குறைந்தால் இரண்டுக்கும் சேர்த்துக் குறையும், முள் நடுவிலேயே நிற்கும்.

ஹோகனிடம் இங்கிருந்து நம் கம்பெனி இருக்கிற விருத்தாசலத்துக்குப் போனால் இருபத்தைந்து கிலோவுக்கு என்ன வரும் என்று கேட்டேன். மேப்பில் ஊரைத் தேடி, போனில் கணக்குப் போட்டுக் காட்டினார். நூற்றுப்பத்து கிராம் குறையும். நான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அங்கேயே ஒரு மீன் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நீ எடுக்கவில்லை. யாருமே எடுக்கவில்லை. உடனே அக்காவுக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, “சரி வுடு. அந்தப் பொண்ண பொங்கலு கழிச்சு வேலைக்கு வரச் சொல்லு” என்றாள். ஆக எல்லாம் தீர்ந்தது. தையில் முடியாவிட்டாலும் வைகாசியில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம்.

உன் வளவன்

·

கம்மாபுரம்
25.1.2025

வளவனுக்கு,

கடிதத்தை நான் படித்துவிட்டு அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். பூமி அமுங்கியிருக்கிறது என்ற இடத்தில் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். முடித்ததும், “அப்ப நம்ம மேல தப்பில்லன்னு அவங்களே ஒத்துக்குறாங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

எல்லாம் தீர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தீர்ந்திருக்கும்.

உங்கள் அக்காவுக்கு இது நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. கார்த்திகையிலேயே தெரியும். திட்டு வாங்கிய சப்ளையர் சும்மா இருக்கவில்லை. முத்திரை போட்ட எடைக்கற்களோடு ஆளை அனுப்பினார். அந்த ஆள் கற்களை உங்கள் தராசில் வைத்தார், கல்லே குறைந்தது. மூட்டையைப் பழைய தராசில் வைத்தார், சரியாக நின்றது. உங்கள் அக்கா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, உங்கள் தராசின்மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டார். ஆண்டாள் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். வேலை போய்விடும் என்று என்னிடம் இத்தனை நாள் சொல்லவில்லை. பொங்கலுக்கு வந்தவள் சொல்லிவிட்டு அழுதாள். பூமி எப்படி இழுக்கிறது என்று உங்கள் அக்காவுக்குத் தெரியாமல் இருக்கலாம். நான் எடுக்கவில்லை என்று தெரியும். தெரிந்தும் மார்கழி முழுக்க என்னைத் திருடியாகவே வைத்திருந்தார்.

அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. நிலக்கரிச் சுரங்கத்துக்கு எங்கள் பக்கம் நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று ஊரில் கூட்டம் மேல் கூட்டம் நடக்கிறது. முன்பெல்லாம் மாயவன் என்று பெயர் சொல்லி அப்பா எழுந்தால் ஆபீஸர்கள் பேப்பரைப் புரட்டுவார்கள், அப்படிப் பேசுவார். இப்போது கூட்டத்துக்கே போவதில்லை. பேச எழுந்தால், முதலில் உன் பெண்ணைக் கேள் என்று யாராவது சொல்லிவிடுவார்களாம்.

உங்கள் தராசு மேல் எனக்குக் கோபம் இல்லை. அது நம் ஊருக்குப் புதுசு, அதற்குத் தெரிந்ததை அது சொன்னது. நீங்கள் இந்த ஊரில் பிறந்தவர். என்னைப் பார்த்துப் பிடித்துப்போய், நீங்களாகக் கேட்டு நிச்சயம் செய்தவர். நடந்தது என்ன என்று என்னிடம் ஒரு கேள்வி கேட்காமல், மன்னிப்புக் கேள் என்று கடிதம் போட்டீர்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

நான் வேலைக்கு வர மாட்டேன், வேலை கேட்கவில்லை. எந்த இடத்தில் எல்லாரையும் பார்க்கச் சொன்னார்களோ அந்த இடத்தில், அதே ஆட்கள் முன்னால் சொல்ல வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஜெயஸ்ரீ எடுக்கவில்லை, அவள் கையை நிறுத்தது தப்பு. இவ்வளவுதான். அதைச் சொன்னால் வைகாசியைப் பற்றிப் பேசலாம்.

ஜெயஸ்ரீ

·

ட்ரோம்சோ
16.2.2025

அன்புள்ள ஜெயஸ்ரீக்கு,

இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அக்காவிடம் பேசினேன். சப்ளையர் ஆள் வந்ததை ஒத்துக்கொண்டாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாள் தள்ளிப்போய்விட்டது என்றாள். அழுதாள். அவள் அழுது நான் கேட்டது அம்மா செத்தபோதுதான். “பொம்பள ஒருத்தி கம்பெனி நடத்துறேன். தப்புப் பண்ணிட்டேன்னு அவங்க முன்னால நின்னா நாளைக்கு எவன் என் சொல்லு கேப்பான்?” என்கிறாள். எனக்கு அதுவும் நியாயமாகப் படுகிறது. கோபப்படாதே, நான் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு குடும்பமும் மட்டும் உட்கார்ந்து பேசினால் போதாதா என்று உன்னிடம் கேட்கலாம் என்று இருந்தேன். நீ என்ன சொல்வாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

மார்ச்சில் லீவ் கிடைத்திருக்கிறது. நானே வருகிறேன். எல்லாரையும் கூட்டி, நானே எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். அக்கா பக்கத்தில் நிற்பாள், அதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறாள். நீயும் வர வேண்டும், அப்பாவையும் கூட்டி வா. இதை நான் சரிசெய்துவிடுவேன், நம்பு.

உன் வளவன்

·

கம்மாபுரம்
24.3.2025

வளவனுக்கு,

இந்நேரம் நார்வே போய்ச் சேர்ந்திருப்பீர்கள். உங்கள் மெசேஜைப் பார்த்தேன். பிளாக்கை எடுத்ததே இனி எந்தக் கோபமும் இல்லை என்று காட்டத்தான். ஆனாலும் இதை போனில் சொல்ல எனக்கு வரவில்லை.

நீங்கள் அழகாகச் சொன்னீர்கள். உண்மையாகவே சொல்கிறேன். முத்திரைக் கற்களை அந்தத் தராசில் வைத்துக் காட்டினீர்கள், சூளை ஆட்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஈரக்களிமண்ணை உருட்டி, மேலும் கீழும் உள்ளங்கையால் அமுக்கி, இதுதான் பூமி, இங்கே நார்வே, இங்கே நாம் என்று விரலால் குத்திக் காட்டினீர்கள். “அப்ப அங்க வந்தா நானு குண்டாயிடுவனா?” என்று ஆண்டாள் கேட்டதற்கு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்கள் அக்கா எல்லாருக்கும் போண்டாவும் டீயும் கொடுத்தார். எனக்கு இரண்டு போண்டா வைத்தார்.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கேட் பக்கம் நின்றோம். நீங்கள் களிமண்ணைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தபோது, இப்போது சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தேன். “ஆக, தராசுதான் தப்பு. யார் மேலயும் தப்பில்ல” என்றீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

அப்பா என் காதருகே குனிந்து, “எப்பம்மா சொல்லுவாங்க?” என்று கேட்டார்.

சொல்லிவிட்டார்கள் அப்பா, வாருங்கள் போகலாம் என்று சொன்னேன். அப்போதுதான் நீங்கள் சிரித்துக்கொண்டே வந்து, “சரியா சொன்னனா?” என்று கேட்டீர்கள். நன்றாகப் புரிந்தது என்றேன். உங்கள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பஸ்ஸில் சூளை ஆள் ஒருவர் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. “ஒங்க பொண்ணுக்கு நல்ல நேரங்க. பூமியே வந்து காப்பாத்திடுச்சி” என்றார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யார் மேலும் தப்பில்லை என்கிறீர்களே, என் கையை நிறுத்தது பூமியா? சாக்கைப் போட்டு மூடியது பூமியா? ஜெயஸ்ரீ எடுக்கவில்லை என்று உங்கள் அக்கா சொல்லவில்லை. அவருக்குச் சொல்ல வாய் வராது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு வரும் என்று நம்பித்தான் அப்பாவைக் கூட்டி வந்தேன். அரை மணி நேரம் பேசினீர்கள். என் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நிச்சயப் புடவையையும் மோதிரத்தையும் அப்பா இந்த வாரம் உங்கள் வீட்டில் கொடுத்துவிடுவார். இந்தக் கல்யாணம் வேண்டாம். உங்கள்மேல் எனக்கு ஆசை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், போகவில்லை. ஆனால் மணமேடையில் நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால், வந்திருக்கிறவர்கள் எல்லாம் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அவர்களுக்குப் பூமியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ஜெயஸ்ரீ